மனிதனை மனிதனாக்குவது பகுத்தறிவா?

மானிடப் பிறவி பெறுதற்கரியது என்று நம் ஆன்றோர் அனைவரும் ஒருமுகமாகக் கூறிப் போந்தனர். ஏன் அரியது என்று ஒரு பாடசாலைப் பிள்ளையைக் கேட்டாலும், மனிதனுக்கு ஆறாவது அறிவாகிய பகுத்தறிவு உண்டு, விலங்குகளுக்கு அது இல்லை என்று உடனே விடை வரும். கேட்டுக் கேட்டுப் பழகிய விடையாதலால் அதனை யாரும் நின்று ஆராய்வதில்லை.

ஆராய்ந்தால் சில வினாக்கள் எழுகின்றன. பகுத்தறிவே மனிதனை மனிதனாக்குகின்றதெனில், அது இன்னும் மலராத கைக்குழந்தையை என்னென்பது? பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை என்னென்பது? முதுமையில் மறதிநோய் வந்து, பெற்ற மக்களையே இனங்காண மாட்டாத தாயை என்னென்பது? மறுபுறத்தில், கல்வியும் மதிநுட்பமும் நிரம்பப் பெற்று, அவற்றைக் கொண்டே அயலவனின் காணியைத் தன்பெயருக்கு மாற்றிக் கொள்பவன் மற்றவரிலும் பார்க்கக் கூடிய மனிதனாவானா? இவை ஏட்டில் மாத்திரம் உள்ள வினாக்களல்ல. ஒவ்வொரு கிராமத்திலும், ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும் உள்ள வினாக்களாகும். எனவே இது பற்றி உலகத்து மெய்யியலாளர்களும் நம் சைவ ஆசிரியர்களும் கூறியவற்றைச் சிறிது நோக்குவது பயனுடையதாகும்.

தேரும் சாரதியும்

தேர்த்திருவிழாவைக் காணாத அடியார் எவருமில்லை. தேரின் முன்னே குதிரைகளும், அவற்றைச் செலுத்தும் சாரதியாகப் பிரமதேவரும் அமைந்திருப்பர். உள்ளே எம்பெருமான் எழுந்தருளியிருப்பார். அடியார்கள் வடம்பிடிப்பர். சில்லின் அருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர்கள் தேர் திசைமாறாமல் காப்பர். இந்த அமைப்பைப் பார்த்துக்கொண்டே மனிதனின் இயல்பைப் பற்றிச் சிந்திக்கலாம். அவ்வாறே பண்டைக் காலத்தில் இரு தேசத்து ஞானிகள் சிந்தித்துள்ளனர்.

கிரேக்க தேசத்து மெய்யியலாளரான பிளேட்டோ கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய "பைதிரஸ்" என்னும் நூலில் மனித ஆன்மாவை இரு குதிரைகள் பூட்டிய தேருக்கு ஒப்பிட்டார். ஒரு குதிரை நல்ல சாதி, சொற்கேட்டு நடப்பது. மற்றையது முரட்டுக் குதிரை. ஆசை கண்ட பக்கமெல்லாம் இழுப்பது. இரண்டையும் அடக்கிச் செலுத்தும் சாரதியே அறிவு. "குடியரசு" என்னும் நூலிலும் அவர் ஆன்மாவை அறிவு, வீறு, இச்சை என மூன்று பகுதிகளாகப் பிரித்து, அறிவு ஆளவும் மற்றையவை அடங்கவும் வேண்டும் என்றார்.

நம் நாட்டுக் கடோபநிடதத்திலும் ஒரு தேர் வருகின்றது. நசிகேதன் என்னும் சிறுவனுக்கு இயமதருமன் உபதேசிக்கும்போது, உடம்பு தேர், புலன்கள் குதிரைகள், புலன்கள் நாடும் பொருள்கள் அவை ஓடும் பாதைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். இம்மட்டில் இரண்டு தேர்களும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பிளேட்டோவின் தேரில் சாரதிக்கு மேலே அமர்ந்திருப்பவர் எவருமில்லை. சாரதியாகிய அறிவே தலைமை. உபநிடதத்தின் தேரிலோ சாரதிக்குப் பின்னால் தேருக்கு உரியவன் ஒருவன் இருக்கின்றான். அவனே ஆன்மா. சாரதி எவ்வளவு கெட்டிக்காரனாயினும் தேருக்கு உரியவன் ஆகமாட்டான். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மேலே எழுந்த வினாக்களுக்கெல்லாம் விடை கிடைக்கின்றது என்பதைப் பின்னர் காண்போம்.

அறிவே மனிதன் என்றோர்

பிளேட்டோவின் மாணாக்கரான அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322) இக்கொள்கையை மேலும் வரையறுத்தார். செடிகொடிகளுக்கு உண்டு வளரும் ஆற்றல் உண்டு. விலங்குகளுக்கு அதனோடு புலனுணர்வும் உண்டு. மனிதனுக்கோ அவ்விரண்டுடன் ஆராயும் அறிவும் உண்டு என்றார். கத்திக்கு வெட்டுதல் தொழிலாவதுபோல மனிதனுக்குரிய தொழில் அறிவின்வழி வாழ்தலே என்பது அவர் முடிபு.

இதனைக் கேட்கும் தமிழருக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வரும். புல்லும் மரமும் ஓரறிவு தொடங்கி, நத்தை இனம், எறும்பு இனம், நண்டு தும்பி இனம் என ஏறி, ஐயறிவுடைய விலங்கினத்தைக் கடந்து, ஆறறிவுடைய மக்கள்வரை உயிர்களைத் தொல்காப்பியர் வரிசைப்படுத்தினார். ஆயின் ஆறாவது அறிவுக்கு அவர் இட்ட பெயர் மனம் என்பதாகும். பகுத்தறிவு என்று நாம் பிற்காலத்தில் பழகிக்கொண்டோம். மனம் என்னும் சொல் கணக்குப் பார்க்கும் அறிவை மாத்திரம் குறிப்பதன்று. இரங்குவதும் அன்பு செய்வதும் நாணுவதும் மனமே. மேலும், மனித உருவம் இருந்தும் ஐயறிவின் அளவில் நின்றுவிடுவோரை மாக்கள் என்று வேறாகச் சொல்லும் வழக்கும் தமிழில் உண்டு. மனிதராய்ப் பிறத்தல் வேறு, மனிதத்தன்மை கைவரப்பெறுதல் வேறு என்பதைப் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

ஜெர்மனியரான இமானுவேல் காண்ட் (1724–1804) அறிவுக்கு மேலும் உயர்ந்த பீடம் அளித்தார். ஆசையோ அச்சமோ தூண்டாமல், தன் அறிவே தனக்கு விதிக்கும் அறநெறியின்படி நடக்கக் கூடியவன் மனிதன். ஆதலின் எந்த மனிதனையும் வெறுங் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்று 1785இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். மனிதரை மதிக்க வேண்டும் என்பதற்கு மேலைநாட்டார் கூறிய காரணங்களுள் இது மிக உயர்ந்தது. எனினும் மதிப்புக்குக் காரணம் அறிவேயாயின், அறிவு இல்லாதவர்க்கு அம்மதிப்பு எங்கிருந்து வரும் என்ற கேள்வி இங்கும் எஞ்சி நிற்கின்றது.

அளவுகோல் ஆயுதமாகும் போது

அந்தக் கேள்வி எத்தகைய ஆபத்தானது என்பதை வரலாறு காட்டுகின்றது. அறிவே மனித இயல்பு என்று கூறிய அதே அரிஸ்டோட்டில், தமது "அரசியல்" என்னும் நூலில், சிலர் இயல்பாகவே அடிமைகள் என்றும் எழுதிவைத்தார். ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை என்பதே அவர் காட்டிய காரணம். பெண்களிடம் அவ்வாற்றல் இருந்தாலும் அதற்கு அதிகாரம் இல்லை என்றார். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளின் பின்னர், 1550இல், ஸ்பெயின் தேசத்து வயதோலித் நகரில் ஒரு பெரும் விவாதம் நடைபெற்றது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினரைப் போர்செய்து அடக்குவது நியாயமா என்பதே பொருள். நியாயமே என்று வாதிட்ட செபுல்வேதா என்னும் அறிஞர் அரிஸ்டோட்டிலின் அந்தக் கூற்றையே எடுத்துக் காட்டினார். அம்மக்களுடன் பல்லாண்டு வாழ்ந்து அவர்களின் துயரை நேரிற் கண்ட லாஸ் காசாஸ் என்னும் துறவி அதனை எதிர்த்து வாதிட்டார். இருவரும் கற்றவர்களே. ஒருவரின் அறிவு பலவான்கள் பக்கம் நின்றது. மற்றவரின் அறிவு நலிந்தவர்கள் பக்கம் நின்றது.

இது பிறநாட்டார் குறை மாத்திரமன்று. சாதியின் பெயரால் ஒருவரை வழிபாட்டிடத்துள் நுழையவிடாது தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இலங்கையில் இயற்றப்பட்டது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில், உள்ளே சென்று வழிபட வேண்டும் என்று வந்த அடியார்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். தடுத்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களுள் கற்றோரும் இருந்தனர். ஆகமம், வழமை என்று நியாயங்கள் அடுக்கப்பட்டன. அறிவு குறைந்திருந்ததால் அந்நிலை ஏற்படவில்லை. அறிவு எதனைச் சார்ந்து நின்று வேலைசெய்தது என்பதே அங்கு எழ வேண்டிய கேள்வி. இன்று பல ஆலயங்களில் அந்தக் கதவு திறந்துவிட்டது. முழுதாகத் திறந்துவிட்டதா என்பதை ஒவ்வொரு கிராமத்தவரும் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டே அறிதல் வேண்டும்.

அறிவு தலைவனா, ஏவலாளா?

அறிவைத் தலைமையில் வைத்தோருக்கு மாறாக, ஸ்கொட்லாந்து தேசத்து மெய்யியலாளரான டேவிட் ஹியூம் (1711–1776) துணிந்து ஒரு கருத்தைச் சொன்னார். மனித இயல்பு பற்றி 1739–40இல் வெளியிட்ட பெருநூலில், அறிவு உணர்ச்சிகளுக்கு ஏவல் செய்யும் பணியாளே அன்றித் தலைவன் அன்று என்றார். எதனை விரும்ப வேண்டும் என்பதை அறிவு சொல்வதில்லை. விரும்பியதை அடையும் வழியை மாத்திரமே அது காட்டும் என்பது அவர் கருத்து.

இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கத் தேவையில்லை. எந்தக் கூட்டத்திலும் இது கண்கூடு. ஒருவருக்கு ஒருவரைப் பிடிக்காவிடில், அவர் சொல்லும் யோசனை எவ்வளவு நல்லதாயினும், அதனை மறுப்பதற்குப் பத்து நியாயங்கள் உடனே தோன்றிவிடுகின்றன. பிடித்தவர் சொன்னால் அதே யோசனைக்குப் பத்து ஆதரவுகள் தோன்றுகின்றன. முடிவு முந்திப் பிறக்கின்றது, நியாயம் பிந்திப் பிறக்கின்றது. ஆலயப் பரிபாலன சபைகளும் இதற்கு விலக்கல்ல. தெய்வத்தின் பெயரால் நீதிமன்றம் ஏறும் வழக்குகள் பலவற்றில் இரு தரப்பிலும் ஆவணங்கள் இருக்கும், சட்டம் இருக்கும், நியாயமும் இருக்கும். விட்டுக்கொடுக்கும் மனம் ஒன்றுதான் இராது.

ஆனால் ஹியூம் கூறியதே முழு உண்மையும் அன்று. உணர்ச்சியும் அறிவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பதைப் பிற்கால மருத்துவம் காட்டியுள்ளது. 1848இல் அமெரிக்காவின் வெர்மண்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறை உடைக்கும் வேலையில் இருந்த பினியாஸ் கேஜ் என்னும் 25 வயது மேற்பார்வையாளரின் இடது கன்னத்தின் ஊடாகப் புகுந்த இரும்புக் கம்பி ஒன்று உச்சந்தலையால் வெளியேறிற்று. அவர் இறக்கவில்லை, 1860வரை வாழ்ந்தார். பேச்சும் நினைவும் குறையவில்லை. ஆயின் பொறுப்பும் நிதானமும் உடையவராயிருந்தவர், விபத்தின் பின் சொல்லும் செயலும் மாறிய வேறொருவராகிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்தவர் எழுதிவைத்தார். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட வேறு நோயாளரை ஆராய்ந்த அன்ரோனியோ தமாசியோ என்னும் நரம்பியல் மருத்துவர் 1994இல் ஒரு நூல் எழுதினார். அந்நோயாளருள் நுண்ணறிவுச் சோதனைகளில் ஒரு குறையும் காணப்படாதவர்களும் இருந்தனர். எனினும் உணர்ச்சி வறண்டுபோனமையால், சொந்த வாழ்க்கையில் ஒரு சிறு முடிவையும் அவர்களால் ஒழுங்காக எடுக்க முடியவில்லை. குதிரைகள் இன்றிச் சாரதி தனியே ஓட முடியாது என்பது இதனால் விளங்குகின்றது.

சித்தாந்தம் தரும் விடை

இனி நம் சமயத்தின் கொள்கையை நோக்குவோம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட சிறு நூல். அதன் நான்காம் சூத்திரம் இப்பொருளையே பேசுகின்றது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கு. மனம் ஒன்றைப் பற்றும். சித்தம் அதனைச் சிந்திக்கும். அகங்காரம் நான் என்று எழும். புத்தி இதுவே என்று நிச்சயிக்கும். நாம் பகுத்தறிவு என்று போற்றுவது பெரும்பாலும் இப்புத்தியின் தொழிலையே. ஆன்மா இந்நான்கினுள் எதுவும் அன்று. அமைச்சர்களோடு கூடி அரசு செய்யும் அரசனைப் போல அவற்றோடு கூடி நின்று அறிவதே ஆன்மா என்கின்றார் மெய்கண்டார். உபநிடதத்தில் சாரதியாக வந்த புத்தி இங்கு அமைச்சனாக வருகின்றது.

அப்படியாயின் அரசனாகிய ஆன்மாவின் இயல்பு யாது? அதனைக் கண்ணை வைத்து நம் ஆசிரியர்கள் விளக்குவர். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் இருளில் அதனால் ஒன்றும் காண முடியாது. இருளோடு இருளாகவே நிற்கும். ஒளி வந்தால் ஒளியோடு கூடிக் காணும். அவ்வாறே ஆன்மா எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையை அடையும். ஆணவத்தைச் சார்ந்தால் ஆணவமாய் நிற்கும். அருளைச் சார்ந்தால் அருளாய் நிற்கும். மனிதனின் இயல்பு என்று ஒன்றைச் சொல்வதாயின், சார்ந்து அறியும் இவ்வியல்பையே சொல்லுதல் வேண்டும். அறிவுதான் மனிதன் என்றோர் அமைச்சனை அரசன் என்றனர். உணர்ச்சியே தலைமை என்றவர் அமைச்சன் வலியாரின் ஏவலுக்கு அடங்குவதைக் கண்டு, அதுவே அவன் என்றைக்குமான நிலை என்றார். சித்தாந்தமோ அமைச்சன் யாருக்குப் பணிசெய்கின்றான் என்று கேட்கின்றது.

சூரனும் திண்ணனாரும்

இவ்வுண்மையைப் புராணபடனம் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு எடுத்துக்காட்ட இரண்டு சரிதங்கள் போதும்.

கந்தபுராணத்தில் சூரபன்மனுக்கும் தம்பியருக்கும் இரண்டு உபதேசங்கள் கிடைக்கின்றன. தந்தையாகிய காசிபர் தருமத்தையும் தவத்தையும் எடுத்துரைக்கின்றார். தாயாகிய மாயை செல்வத்தையும் வல்லமையையும் தேடும்படி உரைக்கின்றாள். இரண்டையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு சூரனுக்கு இல்லாமல் இல்லை. அவன் கடுந்தவம் செய்து 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைப் பெற்றவன். ஆனால் மாயையின் சொல்லே அவனுக்கு இனித்தது. பின்னர் வீரவாகுதேவர் தூதாக வந்து முருகப்பெருமான் பரம்பொருள் என்று கூறியபோது, அவர் ஒரு பாலகன்தானே என்று சூரன் நியாயம் பேசினான். தம்பி சிங்கமுகன் தேவர்களைச் சிறைவிடும்படி எடுத்துச் சொல்லியும் கேட்டானில்லை. நல்ல அமைச்சு கிடைத்தும் அரசன் ஆணவத்தைச் சார்ந்திருந்தமையால் அது பயன்படாமற் போயிற்று. அதனினும் சிந்திக்கத்தக்கது சிங்கமுகனின் நிலை. உண்மை இதுவென்று அவனது அறிவு தெளிவாக அறிந்திருந்தது. அறிந்திருந்தும் தமையன் பக்கமே போர்க்களம் புகுந்து மாண்டான். சரியானதை அறிதல் ஒன்று, அதன்வழி நிற்றல் இன்னொன்று என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பெரியபுராணத்தில் வரும் திண்ணனார் வேடர். நூல் எதுவும் கல்லாதவர். காளத்தியப்பருக்கு வாயில் நீரும் கையில் ஊனும் கொண்டுவந்து பூசித்தார். ஆகம விதிப்படி பூசை செய்யும் சிவகோசரியார் அதனைக் கண்டு பதைத்தார். விதியின்படி பார்த்தால் அவர் பதைத்ததில் தவறில்லை. ஆறாம் நாள் இறைவனின் கண்ணில் இருந்து குருதி வடிந்தது. இங்குதான் நாம் வழக்கமாகக் கவனியாத ஒன்று உள்ளது. திண்ணனார் அழுது புலம்பியதோடு நின்றுவிடவில்லை. முதலில் காட்டிற் கிடைத்த பச்சிலை மருந்துகளைப் பிழிந்து பார்த்தார். அது பலிக்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்று தாம் முன்னர் கேட்டறிந்ததை நினைந்து, தம் கண்ணை அம்பினால் இடந்து அப்பினார். குருதி நின்றது. மற்றைக் கண்ணிலும் குருதி பெருகவே, தமது மறு கண்ணையும் இடந்தால் அப்பவேண்டிய இடம் தமக்குத் தெரியாதே என்று எண்ணி, அடையாளமாகத் தம் காலை அவ்விடத்தில் ஊன்றிக் கொண்டார். முதலில் ஒரு மருந்து, அது தவறின் வேறொரு மருந்து, வரப்போகும் இடையூறுக்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு. இது பகுத்தறிவு இல்லாமல் வேறென்ன? அவரிடம் அறிவு இல்லாமற் போகவில்லை. அது முழுவதும் அன்பின் பணியில் நின்றது. தனக்கு என்ன ஆகும் என்ற ஒரு கணக்கை மாத்திரம் அது போடவில்லை. எம்பெருமானே கைநீட்டித் தடுத்துக் கண்ணப்ப என்று அழைத்தார்.

சூரனிடமும் அறிவு இருந்தது, கண்ணப்பரிடமும் அறிவு இருந்தது. எந்த அரசனுக்கு எந்த அமைச்சன் என்பதிலேயே வேறுபாடு.

அப்படியாயின் பகுத்தறிவு வேண்டாமா?

இவற்றைக் கேட்ட சிலர், சமயத்திற் கேள்வி கேட்கலாகாது, நம்பினாற் போதும் என்று முடிவு செய்யக்கூடும். அது பெருந்தவறு. சைவ சித்தாந்தம் அறிவைப் புறக்கணிக்கும் நெறியன்று. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமே, தோன்றி நின்று அழியும் உலகத்தைக் காட்டி, அதற்கு ஒரு கருத்தா உண்டு என்று அனுமானத்தால் நிறுவுகின்றது. அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞானசித்தியாரில் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை வகுத்து ஆராய்ந்தார்; பரபக்கத்தில் பிற மதத்தார் கொள்கைகளை அவரவர் கூற்றாகவே முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். எதிராளியின் கருத்தை விளங்கிக்கொள்ளாமலே ஏசுகின்ற இன்றைய வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. நமது நாவலர் பெருமான் (1822–1879) சைவ வினாவிடை எழுதிய முறையே கேள்வி கேட்டு அறியும் முறைதான். ஆலயங்களில் உயிர்ப்பலி இடுதலை அவர் கண்டித்தபோது, நெடுங்கால வழக்கம் என்று அதற்கு அஞ்சி வாளாவிருக்கவில்லை. திருவள்ளுவரும் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், மனத்தை அது போன போக்கில் போகவிடாமல் தீமையினின்றும் விலக்கி நன்மையிற் செலுத்துவதே அறிவு என்னும் கருத்தைத் தந்துள்ளார்.

அறிவை முற்றாகக் கைவிட்டால் வருவது பக்தியன்று, ஏமாற்றமே. எனக்கு அருள்வாக்கு வந்தது என்று சொல்லிப் பணம் பறிப்பவனுக்கும் மெய்யடியாருக்கும் உள்ள வேறுபாட்டை அறிவல்லவா காட்டவேண்டும்? மாயை தரும் உடம்பையும் கருவிகளையும் விடியும்வரை உதவும் விளக்கு என்பர் சித்தாந்திகள். இரவில் விளக்கை ஊதி அணைப்பவன் மூடன். விளக்கையே சூரியன் என்று நம்பி, விடிந்த பின்னும் கதவைத் திறவாதிருப்பவனும் மூடனே.

தன் அறிவு ஆணவத்துக்கு அமைச்சா, அன்புக்கு அமைச்சா என்பதை ஒருவர் எவ்வாறு அறிவது? ஒரு வழி உண்டு. தான் கண்ட நியாயங்களெல்லாம் எப்போதும் தன் பக்கத்துக்கே இலாபமாக முடிகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். உண்மையான ஆராய்ச்சி சில வேளைகளிலாவது நம்மை நாமே திருத்தும்படி செய்யும், ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கவும் செய்யும். பத்து வருடமாக ஒருமுறையேனும் தன் பிழையைத் தனக்குக் காட்டாத அறிவை நம்புதல் கூடாது.

அறிவு மங்கியோரும் அடியாரே

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். அறிவே மனிதன் எனில், அறிவு மங்கியவர் மனிதத்தன்மையில் குறைந்தவராவர். சித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. ஆன்மாவுக்கு நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகள் உண்டு. ஒவ்வொரு நாளும் நாம் அயர்ந்து உறங்கும்போது நம் அமைச்சர்கள் யாவரும் ஓய்ந்துவிடுகின்றனர். அப்போது நாம் இல்லாமற் போவதில்லை. உறங்கும் தந்தையைத் தந்தையன்று என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. அவ்வாறே நோயினாலோ பிறவியினாலோ கருவிகள் தொழிற்படாதபோதும் ஆன்மா உள்ளே அரசனாகவே உள்ளது. அதனோடு இறைவன் பிரிவின்றி உடன் நிற்கின்றான். அவன் அறிவைப் பார்த்து உடன் நிற்கவில்லை.

ஆயினும் நடைமுறையில் நாம் செய்வது என்ன? மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையைத் திருவிழா நாளில் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வரும் பெற்றோர் உள்ளனர். பிள்ளை பூசை நேரத்தில் சத்தமிட்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்பதே அவர்கள் பயம். குற்றம் அப்பெற்றோர்மேல் இல்லை. திரும்பிப் பார்ப்பவர்கள்மேலேயே உள்ளது. மறதிநோய் கண்ட முதியவரை, இவருக்கு என்ன தெரியப் போகின்றது என்று சொல்லித் தேர் பார்க்கக் கூட அழைத்து வராதோரும் உண்டு. பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட முதியோர் சிலர், சிறுவயதிற் பாடிய தேவாரத்தை யாரேனும் தொடங்கினால் உதடசைத்துச் சேர்ந்து பாடுவதைக் கண்டவர்கள் பலர். அமைச்சன் போன பின்னும் அரசன் அரண்மனையில் இருக்கின்றான் என்பதை அந்த உதடுகள் காட்டுகின்றன. அவ்வாறு ஓர் அடையாளமும் காட்டாதவரும் அரசரே.

ஆகவே ஒரு ஆலயத்தின் நிறைவு கோபுரத்தின் உயரத்தினால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. தன் பெயரையும் சொல்லத் தெரியாத ஒருவருக்கு வீதியில் ஓர் இடமும், தீர்த்தமும் விபூதியும், அன்னதானப் பந்தியில் ஓர் இலையும் தயக்கமின்றிக் கிடைக்கின்றனவா என்பதும் அதற்கு ஓர் அளவுகோலாகும். படித்தவர், படியாதவர், நினைவுள்ளவர், நினைவிழந்தவர் என்ற பேதமின்றி எல்லோர் கையும் படும் இடம் தேர்வடம் ஒன்றே. வடத்தைப் பிடித்த எவரிடமும் அதன் பொருள் தெரியுமா என்று கேட்பதில்லை.

சூரபன்மன் முடிவில் அழிக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. மாமரமாய் நின்ற அவனை வேலாயுதம் இரு கூறாக்க, ஒரு கூறு மயிலாயிற்று, மறு கூறு சேவலாயிற்று. இறைவனை எதிர்த்து நியாயம் பேசிய அதே வல்லமை இறைவனைச் சுமக்கும் வாகனமாயிற்று. கொடியாய் நின்று அவன் புகழைக் கூவிற்று. நமது பகுத்தறிவுக்கும் இதுவே முடிவாக அமைதல் வேண்டும். அதனை வெட்டி எறிய வேண்டியதில்லை; அதன் முதுகில் யார் ஏறியிருக்கின்றார் என்பதைப் பார்த்துக்கொண்டாற் போதும்.

கற்ற அறிவு கருணைக்குப் பணிசெய்யவும், நம் நியாயங்கள் நம் ஆணவத்தைக் காவல் செய்யாதிருக்கவும், அறிவு மங்கிய அடியார்களை நம்மில் ஒருவராக அணைத்துக்கொள்ளவும் எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்